தொண்டைக் கட்டிக்கு ரத்தம் எங்கிருந்து வருகிறது?

குரல் கரகரத்து மூன்று வாரமாகியும் தெளியவில்லை என்றால், பனங்கற்கண்டை ஒதுக்கிவிட்டு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். பீடி, சிகரெட், புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்கள் யோசிக்கவே வேண்டாம். குரல் நாணில் வரும் புற்றுநோயை முதல் கட்டத்திலேயே பிடித்தால் பத்தில் ஒன்பது பேர் வரை பிழைத்துக்கொள்கிறார்கள். குரலும் பெரும்பாலும் தப்பிவிடும்.

கட்டி ஓரிரு மில்லிமீட்டரைத் தாண்டி வளர அதற்கென்று தனி ரத்தக் குழாய்கள் வேண்டும். அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மேன் 1971இல் இதை எழுதியபோது நம்பியவர்கள் குறைவு. ஆக்சிஜன் போதாமல் திணறும் புற்றணுக்கள் ‘விஇஜிஎஃப்’ என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அதை உணர்ந்து பக்கத்துக் குழாய்கள் கிளைவிடுகின்றன. ஆனால், திருட்டுத்தனமாக இழுத்த குடிநீர் இணைப்பு மாதிரிதான் அந்தக் கிளைகள்: கோணல்மாணலாகப் போகும், ஒழுகும், பாதியில் முட்டி நிற்கும்.

இந்த அலங்கோலமே மருத்துவருக்குத் துப்பு. சில மருத்துவமனைகளில் நீலமும் பச்சையும் மட்டும் பாய்ச்சும் ஸ்கோப் இருக்கிறது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் இந்த இரு நிறங்களையும் உறிஞ்சிக்கொள்வதால் மேலாக ஓடும் நுண்குழாய்கள் பழுப்பாகத் தெரியும். நல்ல குரல் நாணில் மெல்லிய கோடுகள். புற்று தொடங்கிய இடத்தில் பழுப்புப் புள்ளிகள், முற்றினால் புழுவாய் நெளியும் சுருள்கள். எங்கே சதை எடுப்பது என்று இது காட்டிக்கொடுக்கும். ஆனால் நோயை உறுதிசெய்வது பயாப்சிதான். ‘கத்தி பட்டால் பரவிடும்’ என்று அதைத் தள்ளிப்போடுகிறவர்கள் ஏராளம். கட்டி கத்திக்காகக் காத்திருப்பதில்லை. ஒழுகும் இந்தக் குழாய்களும் நிணநீர்ப் பாதையுமே அது பரவப் போதும்.

‘கரண்ட் வைக்கிறது’ என்கிறோமே, அந்தக் கதிர்வீச்சு புற்றணுவைக் கொல்ல ஆக்சிஜன் துணை வேண்டும். குழாய்கள் சரியில்லாத கட்டிக்குள் அது ஏற்கெனவே பற்றாக்குறை. சிகிச்சை நாட்களிலும் பீடி பிடித்தால் கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டு இருக்கிற கொஞ்சத்தையும் கெடுக்கும். ரத்தசோகையும் அதே வேலையைச் செய்யும். ‘வந்தது வந்தாச்சு, இனி விட்டு என்ன?’ என்பது அபத்தம். விட வேண்டிய நேரமே அப்போதுதான்.

அப்படியானால் குழாய்களை அடைத்துவிட்டால் கட்டி பட்டினியால் சாகாதா? அதற்காகவே பெவாசிசுமாப் என்ற ஊசி மருந்து 2004இல் அமெரிக்காவில் குடல் புற்றுநோய்க்கு வந்தது. தலை, கழுத்துப் புற்றுநோய் திரும்பி வந்தவர்கள் அல்லது பரவியவர்கள் 403 பேரிடம் கீமோவோடு சேர்த்துச் சோதித்தார்கள். 2019இல் முடிவு வெளியானது: ஆயுள் குறிப்பிடும்படி கூடவில்லை, கடுமையான ரத்தக்கசிவு மட்டும் 0.5 சதவீதத்திலிருந்து 6.7 சதவீதமானது. சுறா குருத்தெலும்பு மாத்திரை விற்பவர்களும் இதே ‘குழாயை அடைக்கும்’ கதையைத்தான் சொல்கிறார்கள். சோதனைகளில் அது பலன் தரவில்லை. சுறாவுக்கும் புற்றுநோய் வரும்!

சிகிச்சைக்கு முன்போ பின்போ எச்சிலில் புது ரத்தம் வந்தால், கொஞ்சம்தானே என்று அடுத்த ரிவ்யூ தேதி வரை காத்திருக்காதீர்கள். கழுத்தின் பெரிய தமனியைக் கட்டி அரித்திருந்தால் அந்தக் கொஞ்சமே முன்னறிவிப்பு. உடனே 108.

விலையுயர்ந்த ஊசியைப் பரிந்துரைத்தால், ஆயுள் எவ்வளவு கூடும், ரத்தக்கசிவு அபாயம் எவ்வளவு, மாற்று என்ன என்று கேளுங்கள். இவற்றைச் சொல்லாமல் வாங்கிய கையெழுத்து சம்மதமாகாது என்பது 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம். மருந்து ஆய்வில் சேர்த்தால், 2019ஆம் ஆண்டு விதிகளின்படி எப்போது வேண்டுமானாலும் விலகலாம். பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. ஆண்டு வருமானம் ரூ.1.2 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். எந்தச் சிகிச்சை அதில் வரும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்டரில் முதல் நாளே விசாரியுங்கள்.

இரண்டாவது கருத்து கேட்கப் போகிறீர்களா? கேஸ் ஷீட் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை. வாயால் கேட்காமல் தேதியிட்ட கடிதமாகக் கொடுத்து, அதன் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.