எண்ணும் பெயரும்

மட்டக்களப்பு வாவியில் விடியற்காலையில் வலை இழுத்துக் கரையேறும் மீனவர், ஒரு மீன், ஒரு தோணி, ஒரு வலை என்றே எண்ணுவர். எண்ணப்படும் பொருள் எதுவாயினும் 'ஒரு' என்னும் சொல் மாறுவதில்லை. இலத்தீன் மொழியிலோ அவ்வாறன்று. அம்மொழியில் மீன் ஆண்பால், தோணி பெண்பால், வலை இருபாலும் அல்லாதது. ஆகவே மீனுக்கு 'ஊனுஸ்', தோணிக்கு 'ஊனா', வலைக்கு 'ஊனும்' என எண்ணுப்பெயரடையே உருமாறுகின்றது.

பால் மட்டுமன்று, வேற்றுமையும் எண்ணைத் தொடர்கின்றது. 1960களின் நடுப்பகுதிவரை புளியந்தீவுக் கத்தோலிக்க ஆலயங்களில் திருப்பலி இலத்தீனிலேயே நிகழ்ந்தது. அங்கே பாடப்பெற்ற நைசீன் விசுவாசப் பிரமாணத்தில், கடவுளைக் குறிக்குமிடத்து 'ஊனும்' என்றும், திருச்சபையைக் குறிக்குமிடத்து 'ஊனாம்' என்றும், ஞானஸ்நானத்தைக் குறிக்குமிடத்து மீண்டும் 'ஊனும்' என்றும் வரும். மூன்றும் இரண்டாம் வேற்றுமையே. எனினும் முதலாவது ஆண்பால், அடுத்தது பெண்பால், இறுதியானது இரண்டும் அல்லாதது. தமிழிலோ மூன்றிடத்தும் 'ஒரே' என்பதே போதும். வேற்றுமை உருபைப் பெயர் மட்டுமே ஏற்கும். செவிக்குப் பழகிய ஒலியாயினும், இலக்கணம் அறிந்தாலன்றி இவ்வேறுபாடு புலப்படாது.

இத்தனை மாற்றமும் எல்லா எண்களுக்கும் உண்டோ எனக் கற்போர் அஞ்ச வேண்டுவதில்லை. இரண்டு என்பது மீனுக்குத் 'துவோ', தோணிக்குத் 'துவே'. மூன்று என்பது மீனுக்கும் தோணிக்கும் 'திரேஸ்', வலைக்குத் 'திரியா'. நான்கு முதல் பத்து வரையும், பதின்மடங்கு எண்களும், நூறும் எவ்விடத்தும் திரிபதில்லை. இருநூறு முதல் தொள்ளாயிரம் வரையுள்ள நூறுகள் மீண்டும் திரியும். ஆயிரம் மாறாத அடைமொழி. பல ஆயிரங்களோ பெயர்ச்சொல்லாகி, எண்ணப்படும் பொருளை ஆறாம் வேற்றுமையில் நிறுத்தும். 'மூவாயிரம் மீன்' என்பதை அம்மொழியார் 'மீன்களின் மூன்று ஆயிரங்கள்' என்றே கூறுவர். முதலாவது, இரண்டாவது என வரும் வரிசை எண்களோ அனைத்தும் பாலுக்கும் வேற்றுமைக்கும் ஏற்பத் திரியும்.

தமிழ் எண்ணும் முற்றிலும் அசையாததன்று. ஒன்று என்பது 'ஒரு' என்றும், உயிர்முன் 'ஓர்' என்றும் நிற்கும். மூன்று 'முக்கனி'யிலும் 'மூவுலகி'லும் குறுகும். மீன் இரண்டு, மீனவரோ இருவர். இலத்தீன் எண் பாலை நோக்குகின்றது. தமிழ் எண் திணையை நோக்குகின்றது. பிறமொழி இலக்கணம் கற்கும் மாணவன் பெறும் பெரும்பயன் இதுவே: நாள்தோறும் எண்ணாமலே வழங்கிய தாய்மொழியின் ஒழுங்கும் அப்பொழுதே அவனுக்குத் தெளிவாகின்றது.