நம் குழந்தைகளின் பள்ளிக்கூடம் யார் கையில்?

ஜூன் மாதம் நெருங்கும்போதெல்லாம் நம் சங்கத்து அன்பர்களிடையே ஒரே கேள்வி எழுகிறது: ‘பிள்ளைக்குத் தமிழ் கற்பிக்கும் பள்ளிக்கூடம் இங்கே உண்டா?’ மாற்றலாகித் திருப்பதிக்கும் சித்தூருக்கும் வந்த நமக்கு இக்கேள்வி புதிது. இந்த மண்ணுக்குப் பழையது. 1911இல் சென்னை மாகாணத்தில் அமைந்த சித்தூர் ஜில்லா, 1953இல் ஆந்திர ராஜ்யத்தைச் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்துக்குப் போயிற்று. நகரி, சத்தியவேடு, குப்பம் பக்கங்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் இன்றும் பல உள.

கேள்விக்கு விடை தேடுவோர், பள்ளியை நடத்துவோர் வேறு, மேற்பார்வை செய்வோர் வேறு என்பதை முதலில் அறிதல் வேண்டும். கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுள் பெரும்பாலானவை மண்டலப் பரிஷத்தைச் சேர்ந்தவை. உயர்நிலைப் பள்ளிகளுள் பல ஜில்லா பரிஷத்தைச் சேர்ந்தவை. நகராட்சிப் பள்ளிகள் தனி. திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் பள்ளிகளும் உண்டு. மேற்பார்வையோ கல்வி இலாகாவினுடையது: மண்டலத்துக்கு மண்டலக் கல்வி அதிகாரி, அவருக்கு மேல் துணைக் கல்வி அதிகாரி, மாவட்டத்துக்கு மாவட்டக் கல்வி அதிகாரி. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது ஜில்லா பரிஷத்து மட்டும் பிரிக்கப்படவில்லை. ஆகவே சத்தியவேட்டுப் பள்ளிக்கு மாவட்டத் தலைநகர் திருப்பதி, பரிஷத்துத் தலைநகர் சித்தூர் என்றாயிற்று. இதை அறியாமல் ஓர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து மூன்று வாரம் காத்திருந்தேன். ‘இஃது எங்களைச் சேர்ந்ததன்று’ என்றார்கள். சரக்கை வேறு வண்டியில் ஏற்றிய பிழை என்னுடையதே.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. தொடக்க நிலையில் தாய்மொழி வழியே கற்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் 350-ஏ விதி 1956இல் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1949இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி ஓர் அளவு வகுத்தனர்: ஒரு பள்ளியில் 40 பேரோ, ஒரு வகுப்பில் 10 பேரோ வேறு தாய்மொழியினராக இருப்பின், அம்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரேனும் வேண்டும் என்பது அது. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்விலும் தமிழை முதல் மொழியாக எழுத இடமுண்டு.

ஆனால் எண்ணிக்கை எங்கிருந்து வரும்? நாம் நிரப்பும் சேர்க்கைப் படிவத்திலிருந்துதான். தாய்மொழி என்னும் இடத்தில் ‘தெலுங்கு’ என்று எழுதினால் தொல்லையில்லை என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். என் மூத்த மகளின் படிவத்தில் நானும் அப்படியே எழுதினேன். இப்போது அவள் பாட்டியின் கடிதங்களைத் தன் தாயிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்கிறாள்.

அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அக்குழுக் கூட்டங்களுக்குத் தாய்மார்களும் தவறாது செல்லலாம். உறுப்பினருள் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதும் அச்சட்டமே. பெயர்ப் பட்டியலோடு தலைமையாசிரியரை முதலிற் கண்டு, பின்னர் மண்டலக் கல்வி அதிகாரிக்கு எழுதுவது முறை. மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்க மறவாதீர்கள்.

எங்கள் வட்டாரப் பள்ளியில் வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்புச் சேரவிருக்கும் தமிழ்க் குழந்தைகளுள் ஏழு பேரின் பெயர்கள் என் குறிப்பேட்டில் உள்ளன. அதில் என் இளைய மகனும் ஒருவன். இன்னும் மூவர் வேண்டும்.