பாட்டு செய்யும் வேலை, மாத்திரை செய்யும் வேலை

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடக்கூடிய விஷயம் இல்லை, இன்னொரு டீ சொல்லிக்கொள்ளலாம்.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் இருக்கிறோம், நவராத்திரி மண்டபத்திலிருந்தே ஆரம்பிப்போம். மன்னர் சுவாதித் திருநாளின் ஒன்பது கீர்த்தனைகள், நவராத்திரியின் ஒன்பது நாள். முதல் நாள் சங்கராபரண ராகம், மறுநாள் கல்யாணி, அப்புறம் சாவேரி, தோடி என்று போய் ஆரபியில் முடியும். பாடுகிறவர் மாறுவார், வரிசை மாறாது. சின்ன வயதிலிருந்து இதையே கேட்டு வளர்ந்த கோட்டைக்குள் வசிக்கும் ஆசாமி ஒருவருக்கு அல்சைமர் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் சாப்பிட்டது ஞாபகம் இருக்காது, மகளையே யாரென்று கேட்பார். ஆனால் தோடியைப் போட்டால் தொடையில் தாளம் விழும். உடனே வீட்டில், "மாத்திரை எதற்கு, பாட்டே போதுமே" என்று பேச்சு வரும்.

போதாது, ஏனென்று பார்ப்போம். மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி ஆபீசில் தபால் வாங்கிப் பதிகிற செக்‌ஷன் மாதிரி. நோய் சீக்கிரமே கைவைப்பது அங்கேதான். இன்றைய தபால் பதிவாகாது. நெடுங்காலம் பழகிய பாட்டு வேறிடத்தில் இருக்கிறது. 2015-இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்று, அந்த இடங்களில் தேய்மானம் மிகக் குறைவு என்று காட்டியது. ஆக, தாளம் விழுவது நோய் விலகியதற்கு அடையாளம் அல்ல. நோய் இன்னும் அதிகம் தேய்க்காத இடம் அது, அவ்வளவுதான்.

அல்சைமருக்குத் தரும் டொனெபெசில், ரிவாஸ்டிக்மின் மாத்திரைகள் செய்வது வேறு. நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் சீக்கிரம் சிதையாமல் காக்கும். குணப்படுத்தாது, சிலருக்குச் சில காலம் கைகொடுக்கும். 22 சோதனைகளைத் திரட்டிப் பார்த்த 2018-ஆம் வருஷத்து அறிக்கை ஒன்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்புடையது, இசையால் மனச்சோர்வு குறைகிறது, நடத்தைச் சிக்கல்கள் மொத்தத்தில் தணிகின்றன, நினைவாற்றல் போன்ற அறிவுத்திறனில் பெரிய மாற்றமில்லை என்றது. மாத்திரை தொடாத இடத்தைப் பாட்டு தொடுகிறது; பாட்டு தொடாததை மாத்திரை. கத்தல், அடிதடி என்று போனால் பாட்டை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. அதற்காக எடுத்தவுடன் தூங்கவைக்கும் மருந்தைக் கேட்பதும் சரியல்ல. மனநோய்க்குத் தரும் சில மருந்துகள் டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் உள்ள வயோதிகர்களுக்கு உயிராபத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2005-லேயே எச்சரித்தது.

எந்தப் பாட்டு? அவர் இளவட்டமாக இருந்தபோது கேட்டது. கர்நாடக சங்கீதம்தான் வேண்டும் என்பதில்லை. டி.எம்.எஸ்., யேசுதாஸ், சிலோன் ரேடியோவில் வந்தது எதுவானாலும் சரி. குளிக்க அடம் பிடிக்கிறாரா, கால் மணி முன்னாலேயே மெதுவாகப் போடுங்கள். டி.வி.யை அணைத்துவிடுங்கள். காது மெஷினில் பேட்டரி இருக்கிறதா பாருங்கள், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். போட்டுவிட்டு அடுக்களைக்குப் போகாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, சுருதி சேராவிட்டாலும் கூடப் பாடுங்கள். ஏதாவது பாட்டுக்கு முகம் வாடினால் அதை எடுத்துவிடுங்கள். யாருடைய சாவு அதில் ஒட்டியிருக்கிறதோ.

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். டொனெபெசில் சிலருக்கு நாடித் துடிப்பைக் குறைக்கும், கெட்ட கனவு தரும். தலைசுற்றலோ தூக்கக் கேடோ இருந்தால் டாக்டரிடம் சொன்னால் அளவையோ நேரத்தையோ மாற்றுவார். எந்த மணிக்கு எந்தப் பாட்டு, அதற்குப் பிறகு எப்படி இருந்தார் என்று ஒரு நோட்டில் குறித்து, மருந்துச் சீட்டோடு அதையும் கொண்டுபோங்கள்.