நாடகமும் ஒரு படிப்பா?

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் இயற்பியல் மாணவன், சித்தேரி)

"கூத்தாடி கிழக்கே பார்ப்பான்; கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்" என்பது பழமொழி. விடிந்தால் கூத்தாடிக்கு ஓய்வு. பொழுது சாய்ந்தால் கூலிக்காரனுக்கு ஓய்வு. இரண்டுமே உழைப்பு என்பதை நம் முன்னோர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டனர். ஆயினும் சென்ற பொங்கல் விடுமுறையில், "பட்டம் பெற்றபின் நாடகத்தைப் பற்றி மேற்படிப்புப் படிக்க ஆசை" என்று நான் வீட்டில் சொன்னபோது, அப்பா ஒன்றும் பேசவில்லை. பாட்டிதான், "கூத்தாடவாடா உன்ன காலேசுக்கு அனுப்பினோம்?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே பாட்டியின் கேள்வி நியாயமானதே. அதற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நாடகம் நடிப்பது வேறு; நாடகத்தை ஆராய்வது வேறு. ஒளியியல் படிப்பவன் விளக்காக எரிய வேண்டியதில்லை அல்லவா? நாடக வரலாறு, ஒரு காலத்து மக்கள் எங்கே, எப்படி, யாருக்காக நடித்தார்கள் என்று சான்றுகளைக் கொண்டு நிறுவுகிறது. நாடகத் திறனாய்வு, அந்த நடிப்பு பார்ப்பவனிடம் என்ன செய்தது, எவ்வாறு செய்தது என்று கேட்கிறது. நன்று, நன்றன்று என்று தீர்ப்புச் சொல்வதோடு அது நின்றுவிடுவதில்லை.

நம் மாவட்டத்துத் தெருக்கூத்தையே எடுத்துக் கொள்வோம். திரௌபதியம்மன் திருவிழாவில் பகலில் பாரதம் படிக்கிறார்கள், இரவில் கூத்து, இறுதியில் மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தைச் சுற்றிப் படுகளம். நாம் இதைப் பார்த்துவிட்டு உறங்கப் போகிறோம். ஆய்வாளனோ கேள்வி கேட்கிறான். வேடதாரி ஏன் திரைக்குப் பின்னிருந்து பாடியபடி அறிமுகமாகிறான்? கட்டியக்காரன் அரசனோடும் பேசி, நம்மோடும் ஏன் பேசுகிறான்? கிரீடத்துக்கும் புஜக்கட்டைக்கும் கல்யாண முருங்கை மரத்தை ஏன் தேர்ந்தார்கள்? கடைசிக் கேள்விக்கு விடை எளிது: அம்மரம் எடை குறைந்தது, இரவு முழுவதும் சுமந்து ஆட வேண்டுமே!

நாடகத்தை இலக்கியத்தின் ஒரு கிளையாக மட்டும் கருதிய காலம் உண்டு. அச்சிட்ட பனுவல் மட்டும் நாடகமாகாது, மேடையும் நடிகனும் பார்வையாளனும் சேர்ந்ததே நாடகம் என்று வாதாடியவர் செருமானியப் பேராசிரியர் மாக்சு எர்மன். அவர் முயற்சியால் 1923இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் நாடகவியலுக்கெனத் தனி நிறுவனம் தோன்றியது. யூதர் என்பதற்காக நாசிகள் அவரைச் சிறை முகாமுக்கு அனுப்ப, 1942இல் அங்கேயே மாண்டார்.

தமிழிலும் இத்துறைக்கு முன்னோடிகள் உண்டு. பரிதிமாற் கலைஞர் 1897இல் 'நாடகவியல்' என்னும் இலக்கண நூலை இயற்றினார். 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், தம் மேடை நினைவுகளை நூலாக எழுதி வைத்தார்; அவை இன்று வரலாற்றுச் சான்றுகள். ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி, பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் என்ற பொருளில் ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆய்வு 1981இல் நூலாக வந்தது.

படிக்க இடம் எங்கே? 1959இல் தொடங்கிய தில்லி தேசிய நாடகப் பள்ளியில் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு உண்டு. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் நாடகங்களில் பங்கேற்ற அனுபவம் வேண்டும். அங்குப் பயின்ற பேராசிரியர் சே. இராமானுசம், பின்னர்த் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாசு சுவாமிகள் பெயரால் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்விலும் நாடகம் ஒரு பாடமே. வேலை கைமேல் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன், இடங்கள் குறைவுதான். ஆனால் வழியே இல்லை என்பது உண்மையன்று.

இதற்கெல்லாம் அவசியம் என்ன என்று கேட்பீர்கள். சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் என்று நாடக நூல்களின் பெயர்களைச் சொல்கிறார். அவற்றுள் ஒன்றுகூட முழுமையாக இன்று நம் கையில் இல்லை. இது ஏதோ பழங்கதை என்றே நானும் எண்ணியிருந்தேன். நான் பள்ளியில் படித்தபோது, எங்கள் மலைக்கு வந்து கூத்துக் கற்றுக்கொடுத்த வாத்தியார் ஒருவர் இருந்தார். அவருடைய தகரப் பெட்டியில் கையால் எழுதிய கூத்து நோட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். அவர் காலமான பிறகு நான் போய்க் கேட்டபோது, பாதியைச் செல்லரித்திருந்தது. மீதி பழைய தாளோடு எடைக்குப் போய்விட்டது. யார்மேலும் குற்றமில்லை; அது இன்னதென்று எடுத்துச் சொல்ல அங்கு ஒருவரும் இல்லை. நான் உள்பட.

நண்பர்களே, உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். இந்த விடுமுறையில் அதைத் தேடுங்கள். பாடத் தெரிந்த பெரியவர் இருந்தால், அவர் பாடுவதைக் கைப்பேசியில் பதிவு செய்து, ஊரும் நாளும் குறித்து வையுங்கள். நாடக வரலாறு அந்தக் குறிப்பிலேயே தொடங்குகிறது.

பாட்டிக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. ஆனால் வாத்தியாரின் நோட்டுகள் போன கதையைச் சொன்னபோது, அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தாம் சிறுமியாகக் கேட்ட அல்லிக் கூத்துப் பாட்டொன்றைப் பாடிக் காட்டினார். அதை எழுதி வைத்திருக்கிறேன். இயற்பியலில் தேறுவது என் முதற்கடமை. அதன்பின் அப்பாட்டின் மறுபாதியைத் தேடிப் போவேன்.