பின்வரிசை அங்கத்தினரின் ஒரே ஆயுதம்

லண்டன் காமன்ஸ் சபையிலே, மந்திரி பதவியும் வகிக்காமல், எதிர்க்கட்சியின் தலைமைக் குழுவிலும் இடம்பெறாமல், பின்வரிசைப் பச்சை ஆசனங்களில் அமர்ந்திருக்கும் ஒரு சாதாரண அங்கத்தினரால், தம் தொகுதியைச் சேர்ந்த ஒரு தாய்க்கு ஆஸ்பத்திரியில் நேர்ந்த அநீதியையோ, கைகால் விழுந்துவிட்ட ஒரு தொழிலாளிக்கு நகரசபை மறுத்துவிட்ட உதவியையோ நிவர்த்தி செய்துவைக்க முடியுமா என்று கேட்டால், அதற்குரிய அதிகாரம் அவருக்கு அணுவளவும் கிடையாது என்பதுதான் நேரான பதில். கோப்பிலே உத்தரவு எழுத அவரால் இயலாது. நிதி ஒதுக்க இயலாது. ஒரு குமாஸ்தாவை இடம் மாற்றவும் இயலாது. மந்திரியை எழுந்து நின்று பதில் சொல்லச் செய்யும் உரிமை ஒன்றே அவர் கையில் இருக்கிறது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும், எந்த இடத்தில் வழி அடைபட்டுப் போகும் என்பதை அறிய விரும்புகிறவர்கள், ஜாக் ஆஷ்லி, ஆல்ஃப் மாரிஸ் என்ற இரண்டு தொழிற்கட்சி அங்கத்தினர்களின் சரித்திரத்தைப் படித்தால் போதும்.

அதற்கு முன் அந்தச் சபையின் நடைமுறையைச் சற்றுச் சொல்லிவிட வேண்டும். வாரக் கடைசியில் அங்கத்தினர் தம் தொகுதிக்குத் திரும்பி, குறையுள்ளவர்களை நேரில் சந்தித்துக் கேட்பது அங்கே வழக்கம். கேட்ட குறை கடிதமாக மந்திரிக்குப் போகும். கடிதத்துக்கு மழுப்பலான பதில் வந்தால் சபையில் கேள்வியாக மாறும். கேள்விக்கும் அசையாவிட்டால், சபை கலைவதற்கு முன் உள்ள கடைசி அரைமணி நேர விவாதத்திற்கு அவர் மனுச் செய்துகொள்வார். அந்த நேரத்தில் சபையைப் பார்ப்பவருக்கு மனம் சோர்ந்துவிடும். பெரிய தலைவர்கள் எல்லாம் புறப்பட்டுப் போயிருப்பார்கள். முறையீடு செய்பவர் ஒருவர், பதில் சொல்ல வந்த துணை மந்திரி ஒருவர், சபாநாயகரின் ஆசனத்தில் ஒருவர், இன்னும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர், அவ்வளவுதான். இதெல்லாம் வெறும் சடங்கு என்று ஏளனம் செய்வோர் அந்நாட்டிலேயே உண்டு. நான் அவர்கள் கட்சியைச் சேர்ந்தவன் அல்லன். ஏனெனில், அந்த அரைமணி நேரத்தை உத்தேசித்து, இலாகாவில் யாரோ ஒரு அதிகாரி, அதுவரை யாரும் முழுமையாகப் படித்திராத ஒரு ஏழையின் காகிதக் கட்டைத் தேடி எடுத்து, ஆதியோடந்தமாக வாசித்துத் தீரவேண்டிய நிர்ப்பந்தம் உண்டாகிறது. மந்திரி சொல்லும் பதிலும் வார்த்தை பிசகாமல் சபைக் குறிப்பில் அச்சாகிவிடுவதால், பிற்பாடு அதை அவர் மறுக்க வழியில்லை.

ஆஷ்லி 1922ஆம் வருஷம் விட்னஸ் என்னும் தொழில் நகரத்திலே ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு பிராயத்திலேயே தந்தையை இழந்து, பதினான்காம் வயதில் பள்ளியை விட்டுத் தொழிற்சாலைக்குப் போய், பின்னர் தொழிற்சங்கத்தின் மூலம் முன்னேறி, கேம்பிரிட்ஜில் மாணவர் விவாத சங்கத்தின் தலைவராகவே ஆனவர். பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஸ்டோக் நகரத்தின் தெற்குத் தொகுதி 1966இல் அவரைத் தேர்ந்தெடுத்தது. மறுவருஷமே காதில் செய்துகொண்ட ஒரு சிறிய சிகிச்சை விபரீதமாக முடிந்து, இரண்டு செவியும் அறவே கேளாமற் போயிற்று. பேச்சே தொழிலாக உள்ள சபையில் செவிடனுக்கு என்ன வேலை என்று ராஜிநாமாச் செய்யத் துணிந்தவரைத் தொகுதி மக்களும் சகாக்களும் தடுத்து நிறுத்தினார்கள். உதட்டசைவைக் கொண்டு பேச்சைக் கிரகிக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டு திரும்பி வந்தார். தம் குரல் சபையில் எந்த அளவுக்கு ஒலிக்கிறது என்பது அவருக்கே தெரியாதாகையால், உரக்கப் போனாலும் தாழ்ந்து போனாலும் நண்பர்கள் கைச்சைகையால் உணர்த்துவார்கள். அப்படிப்பட்டவர் அடுத்த இருபத்துநான்கு வருஷம் அந்தச் சபையில் இருந்து, காது கேட்கும் பலரைக் காட்டிலும் அதிகமாகப் பிறர் குறையைக் கேட்டார் என்பது மிகையன்று.

அவர் எடுத்துக்கொண்டவற்றுள் தலையாயது தாலிடமைடு விவகாரம். மசக்கையால் அவதிப்படும் கர்ப்பிணிகளுக்கு நிம்மதி தரும் மருந்தென்று சொல்லி, டிஸ்டில்லர்ஸ் என்ற கம்பெனி 1958 முதல் 1961 வரை பிரிட்டனில் அதை விற்றது. உண்ட தாய்மார் பலருக்குக் கையும் காலும் முற்றாத குழந்தைகள் பிறந்தன. பெற்றோர் தொடுத்த வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. 1968இல் 62 குழந்தைகளுக்கு மட்டும், வழக்கில் முழு வெற்றி பெற்றிருந்தால் கிடைக்கக்கூடிய தொகையில் 40 சதவீதம் என்று ராஜி ஆயிற்று. மற்றவர்கள் காத்துக் கிடந்தார்கள். ஸண்டே டைம்ஸ் பத்திரிகை 1972 செப்டம்பரில் இதை அம்பலப்படுத்தத் தொடங்கியதும், நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கைப் பற்றி எழுதலாகாது என்று அரசாங்கத்தின் தலைமை வழக்கறிஞர் தடையுத்தரவு வாங்கிவிட்டார்.

பத்திரிகையின் வாயைக் கட்டிய அந்த நேரத்தில்தான் பின்வரிசை அங்கத்தினரின் உரிமை எதற்காக இருக்கிறது என்பது விளங்கிற்று. சபைக்குள் பேசியதற்காக ஓர் அங்கத்தினரை எந்தக் கோர்ட்டும் விசாரிக்க முடியாது. அங்கேயும் நிலுவை வழக்குகளைத் தொடலாகாது என்றொரு சம்பிரதாயம் உண்டாயினும், சபாநாயகர் செல்வின் லாயிட் விவாதத்துக்கு இடம் கொடுத்தார். நவம்பர் 29ஆம் தேதி ஆஷ்லி பிரேரணையைக் கொண்டுவந்து, கம்பெனி தன் தார்மிகப் பொறுப்பை ஏற்கவேண்டும் என்று வாதாடினார். அரசாங்கம், பிறவியிலேயே கடுமையான ஊனமுற்ற குழந்தைகளின் குடும்பங்களுக்காக 30 லட்சம் பவுன் ஒதுக்கிற்று. கம்பெனியோ 1973 ஜனவரியில் 2 கோடி பவுனுக்கு இறங்கிவந்தது. பத்திரிகையின் விடாமுயற்சி, பங்குதாரர்களின் அதிருப்தி, பணிய மறுத்த பெற்றோரின் உறுதி ஆகியவற்றுக்கெல்லாம் இதில் பங்கு உண்டு. ஆஷ்லி ஒருவரே சாதித்தார் என்று சொல்வது சரித்திரத்துக்கு விரோதம்.

மாரிஸின் கதை வேறு தினுசு. மான்செஸ்டரின் விதன்ஷா தொகுதியைச் சேர்ந்த அவர், முதல் மகாயுத்தத்தில் நச்சுவாயுவுக்கு இரையாகி உடல் குலைந்துபோன ஒரு சிப்பாயின் மகன். தனி அங்கத்தினர்கள் மசோதாக் கொண்டுவருவதற்காக வருஷந்தோறும் எடுக்கும் குலுக்கலில், 1969 நவம்பரில், அவர் பெயர் முதலாவதாக வந்தது. நாள்பட்ட நோயாளிகளுக்கும் ஊனமுற்றோருக்குமான மசோதாவை அவர் எடுத்துக்கொண்டார். தன் எல்லைக்குள் ஊனமுற்றோர் எத்தனை பேர் என்பதை ஸ்தல நிர்வாகம் முதலில் கண்டறிய வேண்டும். வீட்டிலே படியையும் கழிப்பறையையும் அவர்கள் சௌகரியத்துக்குத் தக்கபடி மாற்றித்தர வேண்டும். தேவைப்பட்டால் டெலிபோன் வைத்துக்கொள்ள உதவ வேண்டும். பொதுக் கட்டடங்களில் அவர்கள் நுழைய வழி வேண்டும். இளம் வயது நோயாளிகளைக் கிழவர்களின் வார்டில் போட்டு வைக்கலாகாது. இவ்வளவையும் ஒரு தனி மனிதரின் மசோதா கேட்டது. செவிநோய் ஆராய்ச்சிக் கழகம் ஒன்றின் தேவையைப் பரிசீலிக்கச் சொல்லும் ஷரத்தும் அதில் உண்டு. பிற்பாடு 1977இல் நாட்டிங்காமில் அப்படிப்பட்ட கழகம் ஏற்பட்டது. பொதுத் தேர்தல் அறிவிக்கப்பட்டு, பார்லிமென்டு கலைகிற தறுவாயில், 1970 மே 29ஆம் தேதி, மசோதா சட்டமாயிற்று.

நம் பார்லிமென்டிலும் தனி அங்கத்தினர் மசோதா என்ற இந்த வழக்கம் உண்டு. ஆனால் அதே 1970ஆம் வருஷத்துக்குப் பிறகு அப்படி ஒன்றுகூடச் சட்டமானதில்லை. திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர் உரிமை மசோதா 2015இல் ராஜ்யசபையில் நிறைவேறியும், லோக்சபையைக் கடக்கவில்லை.

மாரிஸின் சட்டத்திலும் ஒரு பொத்தல் இருந்தது. கட்டடங்களில் வழி அமைப்பது நடைமுறைக்கு ஒத்ததாகவும் நியாயமானதாகவும் இருக்கும் அளவுக்குத்தான் என்ற வாசகம் உள்ளே நுழைந்திருந்ததால், மனமில்லாதவர்கள் அதையே அரணாகக் கொண்டார்கள். ஊனமுற்றோரிடம் பாரபட்சம் காட்டுவதையே சட்டவிரோதமாக்கும் மசோதாவை ஆஷ்லி 1982இல் கொண்டுவந்தார், அது தேறவில்லை. அவருக்குப் பின் வேறு பலரும் முயன்று தோற்றார்கள். கடைசியில் 1994 மே மாதத்தில், ரோஜர் பெர்ரி என்ற அங்கத்தினரின் மசோதா வெற்றிக்கு அருகில் வந்த சமயம், அரசாங்கத் தரப்பார் எண்பது திருத்தங்களைக் கொண்டுவந்து போட, பேசிப் பேசியே அதற்கென்று ஒதுக்கிய வெள்ளிக்கிழமையின் பொழுது கழிந்து, மசோதா தேறாமற் போயிற்று. அந்தத் திருத்தங்களை அரசாங்கத்தின் சொந்தச் சட்டவரைவாளர்களே தயாரித்துக் கொடுத்தார்கள் என்பது வெளிப்பட்டபோது, பொறுப்பேற்றிருந்த மந்திரி நிக்கலஸ் ஸ்காட் சபையில் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. ஊனமுற்றோர் இயக்கம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்த அவருடைய சொந்த மகளே தகப்பனாரின் செய்கையைப் பகிரங்கமாகக் கண்டித்தாள். சில வாரங்களில் ஸ்காட் பதவியை விட்டு இறங்கினார். அவருடைய இடத்துக்கு வந்த வில்லியம் ஹேக், பாரபட்சத் தடைச் சட்டத்தை 1995இல் அரசாங்கத்தின் பெயராலேயே கொண்டுவந்தார். பெர்ரி கேட்டதைவிட அது மெலிந்த சட்டம்தான் என்று இயக்கத்தார் அன்றே குறை சொன்னார்கள்.