இலவச கேபினின் விலை

உல்லாசக் கப்பல் காஸினோக்கள் சலுகைகளை அள்ளி வீசுகின்றன. வாங்கிக்கொள்பவருக்கு லாபமா? கூட்டிக் கழித்துப் பார்த்தால் விடை பெரும்பாலும் ‘இல்லை’தான்.

கப்பல் துறைமுகத்தில் நிற்கும்வரை அந்தக் கூடம் பூட்டிக் கிடக்கும். கரை மறைந்து நடுக்கடலுக்கு வந்ததும் விளக்குகள் எரிகின்றன, ஸ்லாட் மெஷின்கள் பாடத் தொடங்குகின்றன. உறுப்பினராகக் கட்டணம் எதுவும் இல்லை. பல கப்பல்களில் கேபின் கதவைத் திறக்கும் அட்டையையே மெஷினில் செருகினால் போதும். பந்தயம் கட்டக் கட்ட பாயிண்டுகள் ஏறும். பாயிண்டுகள் ஏறினால் இலவச மது, இலவச இன்டர்நெட், கடைசியில் அடுத்த பயணத்துக்கு இலவச கேபின்.

இந்தியர்களுக்கு இது அன்னியமான உலகம் அல்ல. ஸ்டார் குரூயிஸஸ் நிறுவனம் 2005-ல் மும்பையிலிருந்தே கப்பல் விட்டது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து கோர்டீலியா கிளம்பியது. அடுத்த ஆண்டு அது இலங்கைத் துறைமுகங்களுக்கும் போய் வந்தது. சிங்கப்பூர் போகும் குடும்பங்களின் பயணத் திட்டத்தில் மூன்று நாள் கப்பல் பயணமும் சேர்ந்துவிட்டது. கடலைப் பார்க்கப் போகிறவர்கள் காஸினோவையும் எட்டிப் பார்க்கிறார்கள்.

2,500 பாயிண்ட் கணக்கு

உலகின் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றான ராயல் கரீபியனின் ‘கிளப் ராயல்’ திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். நான்கு படிகள்: சாய்ஸ், பிரைம், சிக்னேச்சர், மாஸ்டர்ஸ். ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஓராண்டில் 2,500 பாயிண்ட் சேர்த்தால் பிரைம், 25,000 என்றால் சிக்னேச்சர், ஒரு லட்சம் என்றால் மாஸ்டர்ஸ். பிரைம் ஆனவருக்கு ஆண்டுக்கொரு முறை ஜன்னல் இல்லாத உள் கேபினில் இலவசப் பயணம். சிக்னேச்சருக்கு பால்கனி அறை.

ஸ்லாட் மெஷினில் 5 டாலர் பந்தயத்துக்கு ஒரு பாயிண்ட். ஜெயித்தாலும் தோற்றாலும் இதுதான் விகிதம். ஆக 2,500 பாயிண்டுக்கு மொத்தம் 12,500 டாலர் பந்தயம் கட்ட வேண்டும். அவ்வளவு பணத்தையும் கையில் கொண்டுபோக வேண்டும் என்பதில்லை. ஜெயித்த காசே மறுபடி மறுபடி உள்ளே போகும். ஒரு சுற்றுக்கு ஒரு டாலர், மணிக்கு 600 சுற்று என்றால் 21 மணி நேர ஆட்டம். ஏழு இரவுப் பயணத்தில் இரவுக்கு மூன்று மணி நேரம்.

மெஷின் நூற்றுக்கு எவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்பதைக் கப்பல் நிறுவனங்கள் விளம்பரப்படுத்துவதில்லை. 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் எதிர்பார்க்கக்கூடிய நஷ்டம் 1,000 டாலர். டாலருக்கு 90 ரூபாய் வீதம் 90,000 ரூபாய். மலிவான பருவத்தில் இருவருக்கான உள் கேபின் இதே விலைக்கு, சில சமயம் அதற்கும் குறைவாகவே கிடைத்துவிடும். மேல் படிகளில் தொகை தலைசுற்ற வைக்கிறது. இதே கணக்கில் சிக்னேச்சருக்கு 10,000 டாலர், மாஸ்டர்ஸுக்கு 40,000 டாலர் நஷ்டம்.

இதில் இன்னொரு நுணுக்கம். வீடியோ போக்கர் ஆடுபவருக்கு ஒரு பாயிண்ட் கிடைக்க 10 டாலர் கட்ட வேண்டும், இரண்டு மடங்கு. காரணம், அந்த ஆட்டத்தில் வீட்டுக்காரனுக்குக் கிடைக்கும் பங்கு குறைவு. பாயிண்ட் அளப்பது வாடிக்கையாளரின் விசுவாசத்தை அல்ல, அவர் இழக்கக்கூடிய தொகையை.

மேஜையிலும் இதே சூத்திரம்தான். சராசரிப் பந்தயம், மணிக்கு எத்தனை ஆட்டம், எத்தனை மணி நேரம், வீட்டுக்காரனின் சதவீதம் என்று நான்கையும் பெருக்குகிறார்கள். இரண்டு பூஜ்யம் உள்ள அமெரிக்க ரூலெட்டில் அந்தச் சதவீதம் 5.26. மணிக்கு 35 சுற்று, சுற்றுக்கு 25 டாலர், நான்கு மணி நேரம் என்றால் 184 டாலர் நஷ்டம். இதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைச் சலுகையாகத் திருப்பித் தருவது தொழில் வழக்கம். பிளாக்ஜாக்கில் கவனிக்க வேண்டியது மேஜையில் அச்சிட்டிருக்கும் விகிதம். 10 டாலர் பந்தயத்தில் பிளாக்ஜாக் விழுந்தால் 15 டாலர் தருவது பழைய முறை. பல கப்பல்களில் 12 டாலர்தான் தருகிறார்கள்.

கப்பலுக்கு என்ன நஷ்டம்?

கப்பல் ஏன் இவ்வளவு தாராளம் காட்டுகிறது? காலியாகக் கிளம்பும் கேபின் அன்றைக்கு அழுகிப்போகும் தக்காளி மாதிரி. நாளை விற்க முடியாது. கப்பல் எப்படியும் போகத்தான் போகிறது, சமையலும் நடக்கத்தான் போகிறது. அந்த அறையைச் சூதாடியிடம் கொடுத்தால் கூடுதல் செலவு சொற்பம். அவரோ மறுபடியும் காஸினோவுக்கு வருவார், மதுக்கூடத்தில் செலவழிப்பார், உல்லாசச் சுற்றுலா டிக்கெட் வாங்குவார். வேண்டாம் என்று கிளம்பிப் போகவும் நடுக்கடலில் வழி கிடையாது.

அதனால்தான் கப்பல் சலுகை, நிலத்தில் உள்ள பல காஸினோக்களின் சலுகையைவிடத் தாராளமாகத் தெரிகிறது. ஆயிரம் டாலர் விலை எழுதிய கேபின் கப்பலுக்கு ஆயிரம் டாலர் செலவல்ல. விளையாடியவர் இழப்பதோ முழுசாக எண்ணி வைத்த ரொக்கம்.

இலவசத்துக்கு ஒரு பில்

இலவசம் என்பது பெரும்பாலும் கேபின் கட்டணம் மட்டும். துறைமுகக் கட்டணம், வரி, ஊழியருக்கு நாள்கணக்கில் டிப்ஸ், கரையில் சுற்றிப்பார்க்கும் செலவு எல்லாம் தனி. விடுமுறைக் காலத்தில் இந்தச் சலுகை செல்லாமல் போகலாம். காலாவதித் தேதியும் உண்டு. பணத்தைக் கேபின் கணக்கில் எழுதி விளையாடினால் பல கப்பல்களில் அதற்கும் கட்டணம். ‘ஃப்ரீ பிளே’ என்று தரும் தொகையை நேரே காசாக்க முடியாது. ஒருமுறையாவது பந்தயத்தில் வைத்தாக வேண்டும்.

இந்தியருக்கு இன்னும் இரண்டு சுமை. ஒன்று, மியாமியில் கிளம்பும் ‘இலவச’ கப்பலைப் பிடிக்க அமெரிக்க விசா வேண்டும், விமானக் கட்டணமும் வேண்டும். அந்த டிக்கெட் விலையே சலுகையை விழுங்கிவிடும். இரண்டு, சூதாட்டத்தில் ஜெயித்த தொகைக்கு இங்கே 30 சதவீத வருமான வரி, செஸ் தனி. திங்கள் இரவு தோற்றதை செவ்வாய் இரவு ஜெயித்ததிலிருந்து கழித்துக் கணக்குக் காட்டச் சட்டம் இடம் தருவதில்லை.

யாருக்கு லாபம்?

லாபமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பொழுதுபோக்குக்கு என்று ஒரு தொகையை ஒதுக்கி, எப்படியும் ஆடப்போகிறவர் அட்டையைச் செருகாமல் ஆடுவதுதான் முட்டாள்தனம். அவருக்கு வருவதெல்லாம் வரவுதான். இலவசக் கடிதம் வந்தால், அதே பயணத்தைக் காசு கொடுத்துப் போயிருப்பாரா என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்வது நல்லது.

ஆபத்து அடுத்த படிக்கு ஆசைப்படுபவருக்குத்தான். பயணத்தின் கடைசி இரவில் ‘இன்னும் 300 பாயிண்ட்தான் பாக்கி’ என்று மறுபடி போய் உட்காருகிறவர், அந்த 300 பாயிண்டுக்கு 1,500 டாலர் பந்தயம் கட்ட வேண்டும். சராசரியாக 120 டாலர், அதாவது 10,800 ரூபாய் இழப்பார். சராசரி என்பது காகிதக் கணக்கு. கெட்ட இரவில் அது பல மடங்காகும். அந்த இழப்பில் குழந்தையின் கல்லூரிக் கட்டணமோ வீட்டுக் கடன் தவணையோ கலந்திருந்தால் எந்த பால்கனி அறையும் அதை ஈடுகட்டாது.

கேபின் வேண்டும் என்றால் காசு கொடுத்து கேபினை வாங்குவதே மலிவு.