வெள்ளுடையின் முதல் ஆண்டு

மயிலையில் சாந்தோம் பேராலயத்திற்கு வந்து போகும் நம் மக்களுள் பலர், அதே சாந்தோம் நெடுஞ்சாலையில் உள்ள ஓர் அலுவலகத்தைக் கவனித்திருக்க மாட்டார்கள். தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் அலுவலகம் அது. 1926ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், தாதியர் சட்டத்தின் வழி வந்த அமைப்பு. நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பையோ மூன்று ஆண்டுப் பட்டயப் படிப்பையோ முடித்த நம் பெண்களின் பெயர் இக்குழுமத்தின் பதிவேட்டில் ஏறுகிறது. அன்று முதல் அவள் பதிவு பெற்ற செவிலி. சட்டத்தின் கண்ணில் அவளுக்கும் இருபது ஆண்டு அனுபவமுள்ள மூத்த செவிலிக்கும் வேறுபாடு இல்லை.

ஆனால் நோயாளியின் கட்டிலருகே அந்த வேறுபாடு பெரிது. பதிவேட்டில் பெயர் ஏறிய நாளுக்கும், "இவளை நம்பி வார்டை விட்டுச் செல்லலாம்" என்று மூத்தவர் மனநிறைவோடு சொல்லும் நாளுக்கும் இடையே ஒரு நீண்ட காலம் உண்டு. அந்தக் காலத்தில் அவள் தனித்து விடப்படக்கூடாது. ஒரு மூத்த செவிலியின் மேற்பார்வையில் வேலை செய்தல் வேண்டும். நம் பங்குகளில் மகளைச் செவிலியர் படிப்புக்கு அனுப்பிய குடும்பங்கள் ஏராளம். அக்குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய காலம் இது. ஆதலால் இதைப் பற்றிச் சிறிது விரிவாகப் பார்ப்போம்.

மாணவியும் செவிலியும்

படிக்கும் காலத்தில் மாணவிக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஊசி போடும்போது ஆசிரியை அருகில் நிற்கிறார். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு நோயாளிகளை மட்டுமே அவள் பொறுப்பேற்று, அவர்களைப் பற்றி நிறுத்தி நிதானமாக எழுதிக் கற்கிறாள். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்த அமைதி கலைந்துவிடுகிறது. ஒருவருக்கு டிரிப்ஸ் முடியும் நேரம். மற்றொருவர் அறுவைச் சிகிச்சைக்குக் கிளம்புகிறார். மூன்றாமவரின் உறவினர் வாசலில் நின்று கோபமாகக் கேள்வி கேட்கிறார். தொலைபேசி மணி அடிக்கிறது. எதை முதலில் செய்வது? அந்த விடை எந்தப் பாடப் புத்தகத்திலும் வரிசையாக எழுதப்படவில்லை.

பயிற்சி மருத்துவமனைகளின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலி, மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒரு செவிலி என்பது இந்தியச் செவிலியர் குழுமம் வகுத்த அளவு. இந்த அளவு பல இடங்களில் ஏட்டளவில்தான் இருக்கிறது என்பது மருத்துவமனையில் ஓர் இரவு தங்கிய எவருக்கும் தெரியும். ஆள் குறைவான இடத்தில் புதியவளின் சுமை இரட்டிப்பாகிறது. அவளுக்குக் கற்றுத்தர வேண்டிய மூத்தவருக்கும் நேரமில்லாமல் போகிறது.

இந்தத் தடுமாற்றம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் மார்லின் கிரேமர் என்னும் செவிலியர் பேராசிரியை இதை ஆராய்ந்து 1974இல் நூல் வெளியிட்டார். பள்ளியில் கற்ற உயர்ந்த முறைக்கும் வார்டில் கண்ட நடைமுறைக்கும் உள்ள இடைவெளி, புதிய செவிலிக்கு ஓர் அதிர்ச்சியாகவே வருகிறது என்றும், அந்த அதிர்ச்சியில் பலர் தொழிலையே விட்டு விலகுகின்றனர் என்றும் அவர் எடுத்துக் காட்டினார். பத்தாண்டுகளுக்குப் பின் 1984இல் பாட்ரிஷியா பென்னர் என்பவர், செவிலி ஒருத்தி புதியவள் என்ற நிலையிலிருந்து வல்லுநர் என்ற நிலைவரை ஐந்து படிகளில் ஏறுகிறாள் என்று விளக்கினார். நடுப்படியை எட்டவே ஒரே வகையான பணியில் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் என்பது அவர் கண்ட முடிவு. முதல் மாதத்தில் மகள் அழுதுகொண்டு வீடு திரும்பினால், "இவளுக்கு இந்த வேலை ஒத்துவராது" என்று அவசரத்தில் தீர்ப்புக் கூறும் பெற்றோர் இதை நினைவில் கொள்வது நன்று.

மேற்பார்வை என்பது என்ன?

மேற்பார்வை என்றதும் குற்றம் கண்டுபிடிக்கும் கண் என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. நல்ல மருத்துவமனையில் புதியவளை ஒரு குறிப்பிட்ட மூத்த செவிலியோடு இணைத்து விடுவார்கள். இருவரும் ஒரே நேரப் பணியில் இருப்பார்கள். முதலில் மூத்தவர் செய்வதைப் புதியவள் பார்க்கிறாள். அடுத்து, மூத்தவர் பார்த்திருக்கப் புதியவள் செய்கிறாள். அதன் பின்னரே தனியாகச் செய்கிறாள். சிறுநீர்க் குழாய் பொருத்துவது, இரத்தம் ஏற்றுவது, நரம்பு வழி மருந்து செலுத்துவது என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே இந்த மூன்று படிகள் உண்டு. ஒன்றில் தேர்ந்தவள் மற்றொன்றிலும் தேர்ந்தவள் என்று கொள்வதில்லை.

இதன் அருமையை விளக்க, ஓர் இரவுப் பணியை மனக்கண்முன் கொண்டு வருவோம். நோயாளி சர்க்கரை நோய் உள்ள முதியவர். இரவு உணவுக்கு முன் 20 யூனிட் இன்சுலின் என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறது. புதிய செவிலி மருந்துக் குப்பியை எடுக்கிறாள். தட்டில் இருந்த ஊசிக் குழலில் 20 என்ற கோடுவரை மருந்தை ஏற்றுகிறாள். எல்லாம் சரியாகவே தோன்றுகிறது. ஊசியைப் போடுமுன், மருத்துவமனை விதிப்படி மூத்தவரிடம் காட்டுகிறாள்.

"சிஸ்டர், இருபது யூனிட் எடுத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்."

"குப்பியின் மேலே என்ன எழுதியிருக்கிறது? வாய்விட்டுப் படி, அம்மா."

"ஒரு மில்லியில் நூறு யூனிட்..."

"குழலின் மூடி என்ன நிறம்?"

"சிவப்பு."

சொன்ன உடனே அவளுக்குத் தன் தவறு விளங்கிவிடுகிறது. நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு வலிமைகளில் விற்பனையாகிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது ஒன்று. 100 யூனிட் உள்ளது மற்றொன்று. முன்னதற்குச் சிவப்பு மூடிக் குழல், பின்னதற்கு ஆரஞ்சு மூடிக் குழல். நூறு யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிக் குழலில் 20 என்ற கோடுவரை ஏற்றினால், குழலுக்குள் இருப்பது அரை மில்லி. அதாவது 50 யூனிட். எழுதிய அளவைப்போல் இரண்டரை மடங்கு. அது உடலில் சென்றிருந்தால், நள்ளிரவுக்குள் இரத்தச் சர்க்கரை சரிந்து, வியர்வை, நடுக்கம், குழப்பம் என்று தொடங்கி, உறங்குகிறார் என்று பிறர் நினைத்திருக்கையிலேயே அந்த முதியவர் நினைவிழந்திருக்கக் கூடும். உயிரே போயிருக்கவும் கூடும்.

அந்த உயிரைக் காத்தது எது? புதியவளின் அறிவு மட்டுமன்று. மூத்தவரின் அறிவு மட்டுமன்று. ஆபத்தான மருந்தை இருவர் தனித்தனியே சரிபார்த்தல் வேண்டும் என்ற ஒழுங்கும், கேட்பதற்கு வெட்கப்படாத அந்தப் பெண்ணின் பணிவுமே காத்தன. (வீட்டிலேயே இன்சுலின் போட்டுக்கொள்ளும் அன்பர்களும் இதைக் கவனிக்க. குப்பியில் உள்ள எண்ணும் குழலில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.)

கேட்கத் தெரிந்தவள்

புதிய செவிலி அஞ்சுவது நோயைக் கண்டு அன்று. பெரும்பாலும் மனிதர்களைக் கண்டுதான். இரவு இரண்டு மணிக்கு மருத்துவரை எழுப்பலாமா? "இதற்கா கூப்பிட்டாய்?" என்று கடிந்துகொண்டால் என்ன செய்வது? இந்தத் தயக்கத்தில் கழியும் அரை மணி நேரம் ஒரு நோயாளிக்குப் பெரும் இழப்பாகலாம்.

இதற்கும் ஒரு வழி வகுத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து மருத்துவமனைகளுக்கு வந்த முறை அது. முதலில், பேசுவது யார், எந்த நோயாளியைப் பற்றி, இப்போது என்ன நேர்ந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். இரண்டாவது, அவர் எதற்காகச் சேர்ந்தார், என்ன சிகிச்சை நடக்கிறது என்று சொல்ல வேண்டும். மூன்றாவது, நாடி, இரத்த அழுத்தம், மூச்சு ஆகியவற்றைப் பார்த்தபின் நிலைமை என்னவென்று தான் கருதுவதைச் சொல்ல வேண்டும். நான்காவது, மருத்துவர் என்ன செய்யவேண்டும் என்று கேட்க வேண்டும். "நோயாளி ஒரு மாதிரியாக இருக்கிறார், டாக்டர்" என்பதற்கும், "நாடி 124, மூச்சு நிமிடத்திற்கு 30, ஒரு மணி நேரமாக ஏறிக்கொண்டே வருகிறது, நீங்கள் நேரில் வந்து பார்க்க வேண்டும்" என்பதற்கும் எவ்வளவு வேறுபாடு! இரண்டாவது செய்தியைக் கேட்ட எந்த மருத்துவரும் திரும்பப் படுக்கமாட்டார். தொலைபேசியில் மருத்துவர் சொன்ன மருந்தை எழுதி, எழுதியதை அவருக்கே படித்துக் காட்டுவதும் இதே ஒழுங்கைச் சேர்ந்ததே.

தவறு நேர்ந்துவிட்டால்? மறைப்பதைப்போல் கொடிய பழக்கம் இத்தொழிலில் வேறில்லை. உடனே சொல்லப்பட்ட தவறுக்குப் பெரும்பாலும் பரிகாரம் உண்டு. மறைக்கப்பட்ட தவறு நோயாளியின் உடலில் வேலை செய்துகொண்டே இருக்கும். ஆனால் உண்மையைச் சொன்ன பெண்ணை வார்டின் நடுவே நிறுத்தி அவமதிக்கும் இடத்தில், அடுத்தவள் உண்மையைச் சொல்லமாட்டாள். மேற்பார்வை செய்வோர் இதை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

நம் நகரின் மரபு

சென்னைக்கு இத்துறையில் நீண்ட வரலாறு உண்டு. 1854இல் தாதியருக்கான பயிற்சிப் பள்ளிக்கு இங்கே அனுமதி கிடைத்தது. 1871இல் அரசுப் பொது மருத்துவமனையில் நான்கே மாணவியரோடு செவிலியர் பயிற்சி தொடங்கியது. அதே 1871இல்தான் போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில், நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் பணி செய்யவென்று பிரான்சிஸ்கன் கன்னியர் சபையொன்றை அன்னை மரிய கிளாரா நிறுவினார். 2011இல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்ட அந்த அன்னையின் சபையினரே 1949இல் மயிலையில் புனித இசபெல் மருத்துவமனையைத் தொடங்கினர். அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. 1958இல் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி தன்னார்வ மருத்துவச் சேவை நிறுவனத்தை ஏற்படுத்தினார். இவையெல்லாம் மருத்துவர்களின் பெயரால் அறியப்படுகின்றன. எனினும், இரவில் விழித்திருந்து இவற்றைத் தாங்கியவர்கள் பெயர் தெரியாத செவிலியரே. அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு நாள் நடுங்கும் கையோடு முதல் ஊசியைப் பிடித்த புதியவர்களே.

வீட்டார் செய்யவேண்டியவை

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். இரவுப் பணி முடித்துக் காலையில் வரும் மகளுக்கு முதல் தேவை உறக்கம். அவள் உறங்கும் அறையில் வானொலியும் தொலைக்காட்சியும் வேண்டாம். "பகலில் தூங்குகிறாளே" என்ற பேச்சும் வேண்டாம். ஞாயிறு காலை அவள் பணியில் இருந்தால் மாலைத் திருப்பலிக்கு அழைத்துச் செல்லுங்கள். சேர்ந்த மறுமாதமே திருமணத்தையும் வெளிநாட்டு வேலையையும் பற்றிப் பேசி அவளை அலைக்கழிக்க வேண்டாம். அடிப்படை உறுதியாக அமைந்தவள் எங்குச் சென்றாலும் நிலைப்பாள்.

வேலையில் சேருமுன் சில கேள்விகளைக் கேட்கத் தயங்காதீர்கள். புதியவர்களுக்கு எத்தனை வாரப் பயிற்சி? முதல் இரவுப் பணிகளில் மூத்தவர் உடனிருப்பாரா? மூலச் சான்றிதழ்களைக் கேட்கிறார்களா? கேட்டால், நகலைக் கொடுத்துவிட்டு மூலத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்வதே விவேகம்.

ஊதியம் பற்றியும் ஒரு சொல். தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியத்தை ஆராயக் குழு அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் மத்திய அரசுக்குக் கூறியது. 200 படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தரவேண்டும் என்றும், 50 படுக்கைக்குக் குறைந்த இடங்களிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றும் அக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரை வேறு, நடைமுறை வேறு என்பதைச் செவிலியர் குடும்பங்கள் நன்கு அறியும். தொண்டு என்ற சொல்லைக் காட்டி நியாயமான கூலியைக் குறைப்பது தொண்டாகாது. நம்மவர் நடத்தும் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும்.

செவிலியரின் பாதுகாவலராகத் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1930இல் அறிவித்த புனித கமில்லஸ், உரோமை நகர மருத்துவமனை ஒன்றில் ஆறாத கால் புண்ணோடு நோயாளியாக நுழைந்தவர். அங்கேயே ஏவலாளாக வேலை செய்து, பின்னரே அதன் கண்காணிப்பாளராக உயர்ந்தார். கட்டிலில் கிடந்து, பணிவிடை செய்து, அதன் பிறகே பிறரை நடத்தினார். எந்த நல்ல செவிலியும் ஏறும் படிகள் இவைதாம்.

உங்கள் உறவினரைப் பார்க்க அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது, முகத்தில் இன்னும் மாணவியின் சாயல் மாறாத ஒரு பெண், மருந்துக் குழலை மூத்தவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டு வந்தால், "இவளுக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்று முணுமுணுக்காதீர்கள். உங்கள் உறவினர் பாதுகாப்பான கைகளில் இருக்கிறார் என்பதற்கு அதுவே அடையாளம். முடிந்தால் அவள் பெயரைக் கேட்டு, ஒரு நன்றி சொல்லுங்கள்.